முழங்கையில பந்து மாதிரி வீங்கினா என்ன பாக்கணும்? பர்சைடிஸ் பத்தி கிரவுண்டுக்கு புதுசா வர்றவங்களுக்கு

டீமுக்கு புதுசா கோச்சா வந்திருக்கீங்க, இல்ல ஃபிசியோ படிச்சிட்டு இப்பதான் கிரவுண்டுல இறங்கறீங்க, இல்ல யாரோ ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டியை கையில திணிச்சிட்டு "இனிமே நீங்கதான் பாத்துக்கணும்"னு போயிட்டாங்க. பிராக்டிஸ் முடிஞ்சு ஒரு பொண்ணு வந்து முழங்கையை மடக்கி காட்டுது, முனையில பிங்பாங் பந்தை பாதியா வெட்டி ஒட்டின மாதிரி ஒரு வீக்கம், "வலியே இல்லக்கா, ஆனா தொளதொளன்னு இருக்கு"ங்குது. இப்ப என்ன பண்ணுவீங்க? ஐஸ் வச்சு இறுக்கி ஒரு கட்டு போட்டு அனுப்புவீங்க, எல்லாரும் அதைத்தான் பண்றோம். பல தடவை அதுவே போதும், போதாத தடவைதான் வம்பு.

நான் ஒரு தடவை அந்த வம்புல மாட்டியிருக்கேன். கோல்கீப்பர் பையன், முழங்கை முனையில வீக்கம், விழுந்து விழுந்து பந்து புடிக்கிறவனுக்கு இது சகஜம்னு கட்டு போட்டு அடுத்த நாளும் ஆட விட்டுட்டேன். மூணாம் நாள் காலையில சட்டைக் கைக்குள்ள கையை விட முடியல அவனுக்கு, முழங்கையில இருந்து பாதி முன்கை வரைக்கும் கொதிக்குது. அப்புறம் பாத்தா வீக்கத்துக்கு மேல எள்ளு சைஸ்ல ஒரு காய்ஞ்ச பொருக்கு. அது வழியாத்தான் கிருமி உள்ள போயிருக்கு. நான் கட்டு போட்டப்பவும் அந்த பொருக்கு அங்கதான் இருந்துச்சு, நான்தான் பாக்கல.

அதுக்கப்புறம் நான் ரெண்டே கேள்வியை மனசுல வச்சுக்கிட்டுதான் வீக்கத்தையே பாக்கறேன். ஒண்ணு, வீக்கம் எதுல இருக்கு, பைலயா, மூட்டுக்குள்ளயா, டெண்டன்லயா (தசையை எலும்போட இணைக்கற நார்), எலும்புலயா. ரெண்டு, உள்ள கிருமி இருக்கா. இதுக்கு பதில் தெரிஞ்சா அது என்ன பர்சைடிஸ்னு பேர் வைக்கிறதெல்லாம் அப்புறம் பொறுமையா பாத்துக்கலாம்.

பைன்னு சொன்னேன்ல, அதுதான் பர்சா. ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர்ல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு தேச்சு பாருங்க, கை வழுக்கிக்கிட்டு போகும். எலும்பு மேல தோலோ டெண்டனோ உரசுற இடத்துலயெல்லாம் உடம்பு இந்த மாதிரி ஒரு குட்டிப் பையை வச்சிருக்கு, உடம்பு பூரா சுமார் 150 இருக்கும். நல்லா இருக்கும்போது அது தட்டையா ஒட்டிக்கிட்டு இருக்கும், தொட்டாலும் தெரியாது. அடிபட்டாலோ, ஒரே அசைவை ஆயிரம் தடவை பண்ணி உரசினாலோ, கிருமி போனாலோ, கீல்வாத மாதிரி வேற வியாதி இருந்தாலோ பையோட உள்தோல் வீங்கி தண்ணி சுரக்கும். அதுதான் பர்சைடிஸ்.

இதுல தோலுக்கு அடியிலயே இருக்கற பை, ஆழத்துல இருக்கற பைன்னு ரெண்டு ஜாதி. முழங்கை முனை, முட்டிச் சில்லுக்கு முன்னாடி இருக்கறது எல்லாம் மேல்பை, வீங்கினா கண்ணுக்கே தெரியும், சிராய்ப்பு வழியா கிருமி போறதும் பெரும்பாலும் இதுலதான். தோள்பட்டை, இடுப்பு, குதிகாலுக்கு பின்னாடி டெண்டனுக்கும் எலும்புக்கும் நடுவுல இருக்கறதெல்லாம் ஆழத்துப் பை, அங்க வீக்கம் அவ்வளவா தெரியாது, வலியை வச்சுத்தான் புடிக்கணும், அதனால ஏமாறதும் அங்கதான்.

படி 1: தொடாதீங்க, முதல்ல கேளுங்க

எப்ப ஆரம்பிச்சுதுங்கறதை விட எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேளுங்க. டைவ் அடிச்சு முட்டி தரையில மோதி ஒரு மணி நேரத்துக்குள்ள பந்து மாதிரி வந்துச்சுன்னா உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், அப்ப எலும்பையும் சந்தேகப்படணும். அடியே படாம மெல்ல மெல்ல வந்துச்சுன்னா போன ரெண்டு மூணு வாரத்துல என்ன மாத்தினாங்கன்னு தோண்டுங்க: புது ஷூவா, ஓடுற தூரத்தை திடீர்னு ஏத்தினாங்களா, மேட்டுல ஓடுனாங்களா, சைக்கிள் சீட்டை மாத்தினாங்களா, முட்டிக்கு பேட் போடாம தரை விரிப்புல உருண்டாங்களா. "ஒண்ணும் மாத்தலையே"ன்னுதான் முதல்ல சொல்லுவாங்க, விடாதீங்க, ரெண்டாவது தடவை வேற மாதிரி கேட்டா "ஆமா, ஷூ மட்டும் புதுசு"ன்னு வரும்.

அப்புறம் காய்ச்சல், குளிர் நடுக்கம், அந்த பக்கத்துல சமீபத்துல சிராய்ப்பு, கொப்புளம், பூச்சிக்கடி ஏதாவது உண்டா. சுகர் இருக்கா, ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கறாங்களா, முன்னாடி இதே இடத்துல ஊசி போட்டு தண்ணி எடுத்திருக்காங்களா. வலி எப்படின்னு அவங்க வார்த்தையிலயே சொல்ல விடுங்க. சும்மா இருக்கும்போதே விண்ணு விண்ணுனு தெறிக்குதுன்னு சொல்றவங்களை பாத்தா எனக்கு உடனே உஷார் வந்துரும், "அமுக்கினா மட்டும் வலிக்குது"ன்னு சொல்றவங்க வேற கதை.

படி 2: ஒரே விரல்

"எங்க வலிக்குதுன்னு ஒரே ஒரு விரலால காட்டுங்க"ன்னு சொல்லுங்க. காசு செலவில்லாத டெஸ்ட், ஆனா ரொம்ப பேர் பண்றதில்ல. ஒரு புள்ளியை குத்தி காட்டினா பை, டெண்டன், எலும்பு இதுல ஏதோ ஒண்ணு, இடத்தை வச்சு பிரிக்கலாம். உள்ளங்கையால மூட்டு பூரா தடவி "இங்க எல்லாம்"னா மூட்டுக்குள்ள பிரச்சனையா இருக்கலாம், இல்ல வலி வேற எங்கயோ இருந்து இறங்கி வருது.

படி 3: கண்ணால பாக்கறது

ரெண்டு பக்கத்தையும் தொறந்து பக்கத்து பக்கத்துல வச்சு பாருங்க, டிராக் பேண்ட்டை பாதி மடிச்சு விட்டு பாக்கறதெல்லாம் வேலைக்கு ஆகாது. வீக்கத்துக்கு ஓரம் இருக்கா, அதாவது மொழுக்குனு ஒரு மேடா தனியா நிக்குதா, இல்ல மூட்டு முழுக்க உப்பியிருக்கா. மேல்பை வீக்கம் பெரும்பாலும் தனி மேடாத்தான் நிக்கும்.

தோலை டார்ச் அடிச்சு பாருங்க. ஓட்டை, பொருக்கு, வெடிப்பு, முள்ளு குத்தின தடம், எதுவா இருந்தாலும். இன்னொண்ணு, சிவப்பா இருக்கான்னு மட்டும் தேடினா கருத்த தோல் உள்ளவங்க கிட்ட ஏமாந்துருவீங்க, அங்க சிவப்பு தெரியாது, கொஞ்சம் கூடுதலா கருத்தோ ஊதாவாவோ தெரியும், இல்ல தோல் இழுத்து பளபளன்னு இருக்கும், ரோமக்கால் எல்லாம் குழிகுழியா தெரியும். சூட்டை கையால பாக்கறதுதான் அங்க நம்பிக்கையான வழி.

படி 4: கையால பாக்கறது

புறங்கையை வைங்க, உள்ளங்கை வேண்டாம், காய்ச்சல் பாக்கற மாதிரிதான். முதல்ல நல்ல பக்கம், அப்புறம் வீங்கின பக்கம், திரும்ப நல்ல பக்கம். ஐஸ் வச்சிருந்தாங்கன்னா அரை மணி நேரம் கழிச்சு பாருங்க, இல்லைன்னா ஐஸோட சில்லுப்புத்தான் தெரியும். லேசான கதகதப்பு சாதா பர்சைடிஸ்லயும் இருக்கும், கையை வச்ச உடனே "அடேயப்பா"ன்னு தோணுற சூடுதான் ஆபத்து.

அப்புறம் ரெண்டு விரலை வீக்கத்தோட ரெண்டு ஓரத்துலயும் வச்சு ஒரு விரலால மெதுவா அமுக்குங்க, தண்ணி இருந்தா எதிர்ப் பக்கத்து விரலை தள்ளும். ரொம்ப நாளா இருக்கற பர்சைடிஸ்ல தண்ணி குறைஞ்சு பை தடிச்சிருக்கும், உள்ள சின்ன சின்ன உருண்டையா நெருடும். அடுத்து பையை விட்டுட்டு எலும்பை ஓரமா தட்டி அமுக்கி பாருங்க, அடிபட்டவங்களுக்கு எலும்பு மேலயே சுள்ளுனு வலிச்சா எக்ஸ்ரே இல்லாம ஆட விடக்கூடாது. கை வீக்கம்னா அக்குள், கால் வீக்கம்னா தொடை இடுக்கு, அங்க நெறி கட்டியிருக்கான்னு தொட்டு பாக்க மறந்துடாதீங்க.

படி 5: அசைச்சு பாக்கறது

பை மூட்டுக்கு வெளிய இருக்கு. இந்த ஒரு விஷயம் மனசுல பதிஞ்சா அசைவு டெஸ்ட் தானா புரியும். முழங்கை முனைல பர்சைடிஸ் இருக்கறவங்க கையை முக்கால்வாசி தூரம் சுலபமா மடக்கி நீட்டுவாங்க, முழுசா மடக்கும்போதுதான் தோல் இழுபட்டு பை நசுங்கி வலிக்கும். அதுவே மூட்டுக்குள்ள சீழ் புடிச்சிருந்தா ஒரு இஞ்ச் அசைக்க விடமாட்டாங்க, எந்த பக்கம் அசைச்சாலும் கத்துவாங்க, அது எமர்ஜென்சி, அங்க நின்னு டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு கிளம்பணும்.

வரிசை இது: முதல்ல அவங்களே அசைக்கட்டும், அப்புறம் அவங்க தளர விட்டு நீங்க அசைங்க, கடைசியா நீங்க தடுத்து புடிச்சுக்கிட்டு அவங்களை தள்ள சொல்லுங்க. நீங்க அசைக்கும்போது ஒண்ணும் இல்லாம, தள்ளும்போது மட்டும் சுருக்குனு வலிச்சா டெண்டன் பக்கம் சந்தேகம் சாயும். ஆனா ஆழத்துப் பைகள்ல இது இவ்வளவு சுத்தமா பிரியாது, பையும் டெண்டனும் ஒட்டிக்கிட்டே இருக்கறதால ரெண்டும் சேர்ந்தே கெட்டிருக்கும், அதை கையால பிரிச்சு சொல்றேன்னு யாராவது சொன்னா நான் நம்பறதில்ல.

இடம் இடமா

முட்டிதான் அதிகம் குழப்பும். மல்யுத்தம், வாலிபால், கோல்கீப்பிங், அதாவது முட்டி போட்டு தரையில மோதுறவங்களுக்கு சில்லுக்கு முன்னாடி பை வீங்கும். உங்க கட்டைவிரலை சில்லோட விளிம்பு மேலயே சுத்தி ஓட்டி பாருங்க. பை வீங்கியிருந்தா விரலுக்கும் சில்லுக்கும் நடுவுல மெத்துனு ஒண்ணு வந்து விளிம்பே மறைஞ்சு போகும், ஆனா சில்லுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற பள்ளம் அப்படியே இருக்கும். மூட்டுக்குள்ள தண்ணி கோத்திருந்தா தலைகீழ்: சில்லோட விளிம்பு தெளிவா இருக்கும், ரெண்டு பக்க பள்ளமும் நிரம்பி போயிருக்கும், தொடைப் பக்கத்துல இருந்து ஒரு கையால தண்ணியை கீழ தள்ளி புடிச்சுக்கிட்டு சில்லை அமுக்கினா அது தண்ணியில மிதக்கற மாதிரி போய் டக்குனு இடிக்கும். மூட்டுக்குள்ள தண்ணின்னா லிகமெண்ட் (எலும்பையும் எலும்பையும் கட்டற நார்), மெனிஸ்கஸ் (முட்டிக்குள்ள இருக்கற குருத்தெலும்பு மெத்தை) எல்லாம் பாக்கணும், ரூட்டே வேற. இதை ஒரு இருபது நல்ல முட்டியில தடவி பழகிக்கோங்க, நல்லது எப்படி இருக்கும்னு விரலுக்கு தெரிஞ்சாத்தான் கெட்டது புடிபடும்.

அடிபட்ட முட்டின்னா படுக்க வச்சு காலை நேரா தூக்க சொல்லுங்க. முட்டி மடங்காம தூக்கிட்டா நல்லது. தூக்கவே முடியலன்னா சில்லு உடைஞ்சிருக்கலாம், இல்ல டெண்டன் அறுந்திருக்கலாம், பர்சைடிஸ்னு பேசிக்கிட்டு இருக்கக்கூடாது. முழங்கையிலயும் இதே கதைதான், விழுந்த பிறகு கையை முழுசா நீட்ட முடியலன்னா எக்ஸ்ரே.

முட்டிக்கு உள்பக்கம், மூட்டு இடுக்குக்கு ரெண்டு மூணு விரல் கீழ, கீழ்க்கால் எலும்பு மேல வலின்னு ஓட்டக்காரங்க காட்டினா அங்க ஒரு பை இருக்கு, படி ஏறும்போது வலிக்கும்பாங்க. மூட்டு இடுக்குலயே அமுக்கினா வலின்னா மெனிஸ்கஸ் பக்கம் யோசிங்க. எலும்பு மேலயே வலி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கூடிக்கிட்டே போகுது, ராத்திரியும் விடலன்னா ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (ஓடி ஓடி எலும்புல விழற கீறல்) இல்லன்னு உறுதி ஆகுற வரைக்கும் ஓட விடாதீங்க. முட்டிக்கு பின்னாடி வீக்கம்னா அது பெரும்பாலும் மூட்டோட தொடர்பு உள்ள பை, பேக்கர் சிஸ்ட்னு சொல்றது. கூடவே கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சா அது பை வெடிச்சதா ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சதான்னு பாத்த உடனே சொல்ல முடியாது, அன்னைக்கே டாக்டர்.

குதிகால். அக்கிலிஸ் டெண்டனுக்கு (கெண்டைக்கால் தசையை குதிகாலோட இணைக்கறது) முன்னாடி, எலும்புக்கு சற்று மேல, ரெண்டு பக்கத்துல இருந்தும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வச்சு கிள்ளுற மாதிரி அமுக்கினா வலிக்குதா? அப்ப உள்பை. டெண்டனையே புடிச்சா வலி, அதுவும் எலும்புல இருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலன்னா டெண்டன் பிரச்சனை. தோல் மேலயே, ஷூவோட பின்விளிம்பு படுற இடத்துல புடைச்சு சிவந்திருந்தா மேல்பை, ஷூவை வாங்கி உள்ள விரலை விட்டு தடவி பாருங்க, குற்றவாளி அங்கயே இருப்பான். வளர்ற வயசு பசங்க குதிகால் பின்னாடி வலின்னா வளர்ச்சித் தட்டுல வர்ற வலிதான் பர்சைடிஸை விட அதிகம், முட்டிக்கு கீழ கீழ்க்கால் எலும்பு மேட்டுல வர்ற வலியும் அப்படித்தான்.

இடுப்போட வெளிப்பக்கம், அந்தப் பக்கமா ஒருக்களிச்சு படுக்க முடியல, ஒத்தக் கால்ல 30 செகண்டு நின்னா வலிக்குதுன்னு வருவாங்க. முன்னாடி இதை எல்லாம் கண்ணை மூடிக்கிட்டு பர்சைடிஸ்னு எழுதினாங்க, ஸ்கேன் பண்ணி பாத்தா பெரும்பாலும் பிட்டத் தசையோட டெண்டன்தான் கெட்டிருக்கு, பை சும்மா கூட சேர்ந்து வீங்கியிருக்கு, இல்ல வீங்கவே இல்ல. அதனால இங்க ஓய்வு மட்டும் குடுத்தா ஆறாது, அந்த தசைக்கு பயிற்சி வேணும். தொடை இடுக்குல ஆழமா வலி, காலை தூக்கும்போது டக்குனு சத்தம்னா முன்பக்க பையா இருக்கலாம், டான்ஸ் ஆடறவங்களுக்கும் ஓடறவங்களுக்கும் வரும். ஆனா ஓட்டக்காரருக்கு தொடை இடுக்கு வலின்னா என் முதல் பயம் தொடை எலும்போட கழுத்துல கீறல். அதை தவறவிட்டா எலும்பு முழுசா முறிஞ்சுரும், சந்தேகம்னா ஒத்தக் கால்ல குதிக்க வச்சு டெஸ்ட் பண்றேன்னு கூட இறங்காதீங்க, காலை ஊன விடாம அனுப்பி வைங்க. படகு ஓட்டறவங்க, சைக்கிள் காரங்களுக்கு உக்காரும் எலும்புல வலி வரும், அங்க தொடை பின்தசையோட டெண்டனையும் சேர்த்து பாக்கணும்.

தோள்பட்டை: நீச்சல், பந்து வீச்சு, எறியறது. கையை பக்கவாட்டுல தூக்கும்போது சுமார் 60 டிகிரில ஆரம்பிச்சு 120 வரைக்கும் வலிச்சு அதுக்கு மேல குறைஞ்சா கூரை எலும்புக்கு அடியில ஏதோ நசுங்குதுன்னு அர்த்தம், அது பையா, ரோட்டேட்டர் கஃப்பான்னு (தோள் மூட்டை சுத்தி புடிச்சிருக்கற தசை, டெண்டன் கூட்டம்) ஸ்கேன்தான் சொல்லும். விழுந்த பிறகு கையை தூக்கவே முடியலன்னா கிழிஞ்சிருக்கலாம், காத்திருக்க வேண்டாம்.

படி 6: கிருமி இருக்கா

மேல்பைல கிருமி புடிக்கறதுக்கு பெரும்பாலும் காரணம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், நம்ம தோல் மேலயே குடியிருக்கறதுதான். அதிகமான சூடு, தொட விடாத வலி, வீக்கத்தோட எல்லையை தாண்டி பரவுற சிவப்பு, தோல்ல ஓட்டை, நெறி, காய்ச்சல். இதுல ரெண்டு மூணு சேர்ந்திருந்தா அன்னைக்கே டாக்டர் பாக்கணும், நாளைக்கு பாக்கலாம்னு தள்ளக்கூடாது. காய்ச்சல் இல்லங்கறதை மட்டும் புடிச்சுக்கிட்டு நிம்மதி ஆகாதீங்க, அந்த கோல்கீப்பர் பையனுக்கு ரெண்டாம் நாள் ராத்திரி வரைக்கும் காய்ச்சலே இல்ல. சுகர் உள்ளவங்க, எதிர்ப்பு சக்தி குறைக்கற மருந்து எடுக்கறவங்கன்னா ஒரே ஒரு அறிகுறி போதும்.

ஒரு பேனாவால சிவப்போட ஓரத்தை சுத்தி கோடு போட்டு பக்கத்துல நேரத்தை எழுதி வைங்க. ரெண்டு மணி நேரத்துல கோட்டை தாண்டிச்சுன்னா யாருக்கும் விளக்கவே வேண்டியதில்ல.

ஆஸ்பத்திரியில சந்தேகம் இருந்தா ஊசி போட்டு தண்ணியை எடுத்து லேபுக்கு அனுப்புவாங்க, கிருமி, வெள்ளை அணு, கவுட் படிகம் (யூரிக் ஆசிட் சேர்றதால வர்றது) எல்லாம் பாப்பாங்க. கலங்கலா இருந்தா சீழ்னு தோணும், தெளிவா இருக்குன்னு மட்டும் வச்சு கிருமி இல்லன்னு முடிவு பண்ண முடியாது, அதனாலதான் கல்ச்சர், அதாவது லேப்ல கிருமியை வளர்த்து பாக்கற டெஸ்ட். எலும்புக்கு எக்ஸ்ரே, பையும் டெண்டனும் பாக்க அல்ட்ராசவுண்டு, ஆழத்துல குழப்பம்னா எம்ஆர்ஐ. டிரெஸ்ஸிங் ரூம்ல யாராவது "நானே ஊசி வச்சு எடுத்து விட்டுடறேன்"னு வந்தா கையை தட்டி விடுங்க, சுத்தமா இருக்கற பைக்குள்ள கிருமியை கொண்டு போய் விடறதுக்கு அதை விட நல்ல வழி கிடையாது. ஸ்டீராய்டு ஊசியும் கிருமி இல்லன்னு தெரியாம போடற விஷயமில்ல, அக்கிலிஸ் பக்கத்துல போட்டா டெண்டன் அறுந்துபோற ஆபத்தும் இருக்கு, மேட்ச் வருதேன்னு அவசரப்படுத்தாதீங்க.

கிருமி இல்லன்னு தெரிஞ்ச பிறகு

உரசலையும் அடியையும் நிறுத்துங்க, ஆளை முழுசா படுக்க வைக்க வேண்டாம், முட்டி வீங்கினவர் கைக்கு பயிற்சி பண்ணலாம். துணி சுத்தி ஐஸ் 15 நிமிஷம், நேரா தோல் மேல வேண்டாம். கட்டு போட்டா விரல் நுனியை அழுத்தி விட்டு பாருங்க, ரெண்டு செகண்டுல நிறம் திரும்பலன்னா இறுக்கம். வீக்கத்தை தேய்ச்சு விடறது, உருட்டி மசாஜ் பண்றது இதெல்லாம் வேண்டாம். தினமும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல டேப் வச்சு சுத்தளவு அளந்து எழுதுங்க, "குறைஞ்ச மாதிரி இருக்கு"ன்னு வாயால சொல்றதை நம்பி நான் பல தடவை ஏமாந்திருக்கேன். மேல்பைன்னா சில வாரம் எடுக்கும், வலி போனதுக்கு அப்புறமும் கொஞ்சம் வீக்கம் நிக்கறது சகஜம்.

திரும்ப ஆட விடறதுக்கு முன்னாடி அமுக்கினா வலி இல்ல, அசைவு முழுசா இருக்கு, தள்ளுற பலம் மறு பக்கத்துக்கு சமம், அவங்க விளையாட்டுல பண்ற அதே அசைவை அரை வேகத்துல பண்ணி அடுத்த நாள் வீங்கல, இவ்வளவும் பாருங்க. முட்டியோ முழங்கையோ, நடுவுல ஓட்டை விட்ட ஃபோம் பேட் போட்டு அனுப்புங்க, ஓட்டை வீக்கத்தை விட ஒரு விரல் அகலமா இருக்கணும், சின்னதா வெட்டினீங்கன்னா பேடோட விளிம்பு பை மேலயே உக்காந்து நாள் பூரா அமுக்கிக்கிட்டு இருக்கும்.